அப்பா பார்த்தது எமலோகமா?

இதயம் நின்றுபோய்ப் பிழைத்த உங்கள் அப்பா, "ஏட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, ஆள் மாறிப்போச்சு, திருப்பி அனுப்புன்னாங்க" என்கிறார். இது மறுமைக்கு ஆதாரமா, அவரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயத்தை முதலில் விடுங்கள். நெதர்லாந்தில் இதயம் நின்று மீண்ட 344 பேரிடம் இதய மருத்துவர் பிம் வான் லோம்மல் குழு விசாரித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், 62 பேர் இப்படி ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது அந்த ஏடுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்க மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சனும் 1986இல் இந்தியாவில் கிடைத்த 16 அனுபவங்களை எழுதினார்கள். எமதூதர், கணக்கு, ஆள் மாறாட்டம் எல்லாம் அதிலும் உண்டு. அமெரிக்கர்கள் சொல்வதில் இந்த ஆள் மாறாட்டத்தைக் காணோம். ஊருக்கு ஊர் காட்சி மாறுகிறது என்றால், சின்ன வயதில் கேட்ட கதைகளைத்தான் மூளை எடுத்துக் கோக்கிறது என்பேன். மறுமை இல்லை என்று இதை வைத்து நிரூபிக்கவும் முடியாது, அது வேறு விஷயம்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் "எனக்குத்தான் இன்னும் நேரம் வரலையே, மாத்திரை எதுக்கு?" என்று ஆரம்பித்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது இந்தக் கணக்கில் சேராது.