பதில்: கரையோரக் கிணறுகளில் நைட்ரேட் எகிறுகிறது

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உள்பக்கத் தோட்டக் கிணறுகளில் உங்கள் மலிவு நைட்ரேட் மின்வாய் (நீரிலுள்ள நைட்ரேட்டை மில்லிவோல்ட் மின்னழுத்தமாகக் காட்டும் சென்சார்) ஆய்வுகூட முடிவோடு ஒத்துப்போகிறது, கரையோரத்தில் மட்டும் எகிறுகிறது என்கிறீர்கள். சென்சாரை மாற்ற அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் இது குளோரைடின் வேலை. மின்வாயின் முனையில் நைட்ரேட்டை உணரும் மென்படலம் குளோரைடையும் கொஞ்சம் நைட்ரேட்டாக எண்ணிவிடும். கடல்நீர் ஏறிய கிணற்றில் குளோரைடு மிக அதிகம் என்பதால் அந்தக் கொஞ்சமே பெரிய எண்ணாகிவிடுகிறது.

சோதித்துப் பாருங்கள்: நைட்ரேட் அளவு தெரிந்த கரைசலில் தூய சோடியம் குளோரைடைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு மில்லிவோல்ட்டைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நைட்ரேட் கூடாமலே மில்லிவோல்ட் இறங்கினால், அதாவது நைட்ரேட் கூடியதுபோல் காட்டினால், குளோரைடுதான், சந்தேகமே இல்லை.

நீரின் மின்கடத்துதிறனையும் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) வெப்பநிலையையும், நைட்ரேட்டைக் கணிக்க நீங்கள் பயிற்றுவித்த கணினி மாடலுக்கு உள்ளீடாகக் கொடுங்கள். ஆனால் மின்கடத்தல் சென்சாரும் மின்வாயும் ஒரே நேரத்தில் நீரில் ஓடக்கூடாது, ஒன்றின் மின்னோட்டம் மற்றதைக் குலைக்கும். ஒன்றை அணைத்து, சற்றுப் பொறுத்து மற்றதை அளவிடுங்கள்.

அப்புறம் அந்த மாடல், அதாவது உங்கள் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் இயந்திரக் கற்றல் முறை). எல்லா அளவீடுகளையும் கலந்து, பயிற்சிக்கு ஒரு பங்கு, சோதனைக்கு ஒரு பங்கு என்று பிரித்திருக்கிறீர்கள். அதனால் ஒரே கிணறு பயிற்சியிலும் இருக்கிறது, சோதனையிலும் இருக்கிறது. மாடல் கிணற்றை மனப்பாடம் செய்துவிடுகிறது, புதுக் கிணற்றில் சறுக்குகிறது. ஒவ்வொரு கிணற்றையும் முழுசாக ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். மதிப்பெண் இறங்கும், பரவாயில்லை, அதைத்தான் நம்பலாம். மழைக்கால அளவீடுகளும் கட்டாயம் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளுக்கு இந்தக் கருவியை வைத்து "குடிக்கலாம்" என்று இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள். அவர்களின் தண்ணீரை முதலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.