ஸ்டே வயரை நாமே மாற்றலாமா?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பில் 30 அடி இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் இன்டர்நெட் ஆன்டெனா வைத்திருக்கிறேன். இழுத்துக் கட்டிய மூன்று ஸ்டே வயர்களிலும் துரு. நானே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். அதற்கு முன், கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தொடும் தூரம் என்றால் இதில் இறங்கவே வேண்டாம்.

கையுறை போட்டு, கொஞ்சம் பஞ்சை வயர்மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கும். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் துத்தநாகப் பூச்சு கரைகிறது, அவசரமில்லை. செந்துரு என்றால் பூச்சு போய்விட்டது. வயர் முனையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புக்கு அடியிலும், சொட்டுநீர் நனைக்கும் தரையோரத்திலும் நன்றாகப் பாருங்கள். கிளாம்பின்மேல் டேப் சுற்றியிருந்தால் பிரித்துவிடுங்கள். அது மழைநீரை உள்ளே பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும்.

ஒன்று கெட்டிருந்தாலும் மூன்றையும் மாற்றுங்கள், மூன்றுக்கும் ஒரே வயதுதானே. பாய்மரத்தை இப்படி வயரால் இழுத்துக் கட்டும் படகுக்காரர்கள், பார்வைக்கு நன்றாக இருக்கும் வயரைக்கூடப் பத்துப் பதினைந்து வருடத்தில் கழற்றிவிடுவார்கள்.

ஆனால் ஒரே சமயத்தில் மூன்றையும் அவிழ்த்துவிடக் கூடாது. காற்றில்லாத காலையில், முதல் வயர் இருக்கும் பக்கம் தடித்த நைலான் கயிற்றை அதே உயரத்திலிருந்து இழுத்துக் கட்டிவிட்டு, அப்புறம் அந்த வயரைக் கழற்றுங்கள். புதியது இறுகிய பிறகு அடுத்தது. மேல்முனைக்குக் கம்பத்தில் ஏறவோ அதன்மேல் ஏணி சாய்க்கவோ வேண்டாம். தனியாக நிற்கும் சாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் பார்த்த தவறு கிளாம்பில்தான். வயரைத் திம்பிளில் (வளைவில் வயர் நசுங்காமல் தாங்கும் உலோகக் காடி) வளைத்துத் திருப்பினால் பாரம் தாங்கும் நீள வயர் ஒன்று, சும்மா நிற்கும் குட்டை வால் ஒன்று. கிளாம்பின் தட்டையான சேணம் நீள வயர்மேல் உட்கார வேண்டும், வளைந்த யூ போல்ட் வாலைக் கவ்வ வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வயரையே யூ போல்ட் நசுக்கிவிடும். 8 மி.மீ. வயருக்கு ஒரு முனைக்கு மூன்று கிளாம்ப், சுமார் 5 செ.மீ. இடைவெளி.

டர்ன்பக்கிளை (திருகி வயரை இறுக்கும் கருவி) பாதி திறந்த நிலையில் மாட்டி, தூக்குக்குண்டை இரு பக்கமும் பிடித்துப் பார்த்தபடி மூன்றையும் மாறி மாறி முறுக்குங்கள். வீணைத் தந்தி மாதிரி விறைக்க வேண்டாம், கம்பமே வளைந்துவிடும். தொய்வு போனால் போதும்.

பாரம் ஏறியதும் வயர் சற்று மெலியும், கிளாம்ப் தளரும். ஒரு வாரம் கழித்து நட்டுகளை மறுபடி இறுக்கி, டர்ன்பக்கிள் சுழலாதபடி நடுவில் கட்டுக்கம்பி கோத்துவிடுங்கள். மாங்காயை உதிர்க்கும் சித்திரைச் சூறைக்காற்றுக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.