லண்டனில் மடங்காத கத்தியா? வேண்டாம்

கிடங்கில் பெட்டி பிரிக்கவும், இரவுப் பேருந்தில் தற்காப்புக்கும் சேர்த்து ஒரு சிறிய மடங்காத கத்தி கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் இருப்பதால் முதலில் சட்டம். அங்கே தக்க காரணமின்றி மடங்காத கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். அலகு 2 அங்குலம் என்றாலும் அப்படித்தான். தற்காப்பு என்பது தக்க காரணம் ஆகாது. அதிகபட்சம் 4 ஆண்டு சிறை.

காரணம் கேட்காமல் விடுவது ஒன்றைத்தான்: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டு இல்லாத (விரித்ததும் அலகு இறுகிப் பூட்டிக்கொள்ளாத) மடக்குக் கத்தி. விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன் சரியாகப் பொருந்தும். அதே நிறுவனத்தின், மடக்கிய நிலையில் 111 மி.மீ. நீள வகைகளில் அலகு பூட்டிக்கொள்ளும், ஏமாந்து வாங்கிவிடாதீர்கள். ஒப்பினெல் என்ற மடக்குக் கத்தியின் எட்டாம் எண்ணும் பூட்டு உள்ளதுதான். அழகான கத்தி, என்ன செய்ய! அப்புறம், சின்ன மடக்குக் கத்தியைக்கூடத் தற்காப்புக்கு என்று போலீஸிடம் சொன்னால் அது ஆயுதமாகிவிடும்.

பெட்டி பிரிக்கும் கத்தியைக் கிடங்கிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பேருந்துக்கு, கம்பியை இழுத்தால் அலறும் அலாரம் ஒன்று போதும். மிளகு ஸ்ப்ரே யோசனை வந்தால் அதையும் விடுங்கள், அங்கே அதுவும் தடை.

கூடாரமடித்துத் தங்க முகாமுக்குப் போகும்போது மட்டும், தக்க காரணம் இருப்பதால், மோரா கம்பேனியன் என்ற மடங்காத கத்தியை வாங்கலாம். துருப்பிடிக்காத எஃகு வகையை எடுங்கள். வழியில் உறையோடு பையின் அடியில் கிடக்கட்டும்.