விலை குறைந்த குட்டி யானையை நம்பி ஐந்து வருடத் தவணையில் இறங்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன் விநியோகம் செய்கிறேன். லோடு ஆட்டோ இனிப் போதாது. ஒரு நடைக்கு ஐம்பது கேன் எடுக்கும் அளவுக்குத் தொழில் வளர்ந்திருக்கிறது. இருப்பதிலேயே விலை குறைந்த நான்கு சக்கர வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால், "கம்பெனிகள் எல்லாம் பெரிய வண்டிகள் பக்கம் போகின்றன, இந்தச் சின்ன வண்டியை இரண்டு வருடத்தில் நிறுத்திவிட்டால் உதிரிபாகத்துக்கு எங்கே போவாய்?" என்று மைத்துனர் எச்சரிக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மைத்துனர் கேட்டது நல்ல கேள்வி. ஷோரூமுக்குப் போகிற பலர் மைலேஜையும் முன்பணத்தையும் மட்டும் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடம் தவணை கட்டப்போகும் ஒருவர், தான் வாங்கும் வண்டி அந்த நிறுவனத்துக்கே எவ்வளவு தேவையானது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சிறிய சரக்கு வண்டி ஒவ்வொன்றிலும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபம் குறைவுதான். பெரிய லாரியில் கிடைப்பதோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் விடாமல் தயாரிக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. 2000-01 நிதியாண்டில் டாடா மோட்டார்ஸ் சுமார் 500 கோடி ரூபாய் நஷ்டம் கண்டது. லாரி விற்பனை படுத்துவிட்டதுதான் பெரிய காரணம். நாட்டில் தொழில் மந்தமானால் முதலில் நிற்பது பெரிய லாரி வாங்குவது. காய்கறியும் பாலும் தண்ணீரும் அப்போதும் தெருவுக்கு வந்தாக வேண்டும். அந்த அடிக்குப் பிறகு யோசித்து உருவாக்கிய வண்டிதான் 2005-இல் வந்த ஏஸ், நம் ஊர் 'குட்டி யானை'. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கியது போல, இரண்டு சிலிண்டரில் 702 சிசி எஞ்சின். மூன்று சக்கர வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்களை நான்கு சக்கரத்துக்குக் கொண்டுவந்தது அது. அப்படி வந்தவர் தொழில் பெருகினால் அடுத்த பெரிய வண்டியையும் அதே ஷோரூமில்தான் முதலில் விசாரிப்பார். சர்வீஸ், உதிரிபாகம், கடன் என்று நிறுவனத்துக்கு வருமானம் தொடர்ந்து வரும். இருபது வருடம் கழித்து, 2025 ஜூனில், அதே நிறுவனம் 3.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் 750 கிலோ சுமக்கும் ஏஸ் புரோவைக் கொண்டுவந்தது. பெட்ரோல், பெட்ரோலோடு சி.என்.ஜி., மின்சாரம் என மூன்று வகை. விலை குறைந்த சிறிய வண்டி என்ற இந்தக் கீழ்ப்படியை விட்டுவிட எண்ணியிருந்தால் இப்படிச் செலவழித்திருக்க மாட்டார்கள்.

நம் சென்னையின் உதாரணம் இன்னும் தெளிவானது. கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட், பெரிய லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன நிறுவனம். நிசானோடு கூட்டுச் சேர்ந்து 2011-இல் தோஸ்த் வண்டியைக் கொண்டுவந்தது. ஓசூர் ஆலையில் தயாரிப்பு, 1.25 டன் சுமைத்திறன். அதே கூட்டணி பயணிகளுக்காக ஸ்டைல் என்ற வண்டியையும் 2013-இல் விற்பனைக்கு விட்டது. என்ன ஆயிற்று? ஸ்டைல் விற்கவில்லை, 2015-இல் நிறுத்திவிட்டார்கள். 2016-இல் நிசானும் விலகியது. தோஸ்த் மட்டும் நின்றது. 2020-இல் அதன் வழியில் படா தோஸ்த்தும் வந்தது. லேலண்டுக்குக் கீழ்ப்படியில் கால் வைக்க இருந்த இடம் தோஸ்த். அதை எடுத்துவிட்டால் சிறு வியாபாரி அந்த ஷோரூம் வாசலையே மிதிக்க மாட்டார். ஸ்டைலுக்கு அப்படி எந்த வேலையும் இல்லை. உங்கள் மைத்துனரின் பயம் ஸ்டைல் போன்ற வண்டிக்குப் பொருந்தும், தோஸ்த் போன்ற வண்டிக்குப் பொருந்தாது.

நிறுவனங்கள் தவறு செய்வதே இல்லை என்று நான் சொல்லவில்லை. மறைமலை நகரில் 2022 வரை கார் தயாரித்த ஃபோர்டு, அமெரிக்காவில் தன் சின்ன பிக்கப்பான ரேஞ்சரை 2011-இல் நிறுத்தியது. சின்ன பிக்கப் சந்தை சுருங்கிவிட்டது, பெரியதே போதும் என்று முடிவு. பத்து வருடம் கழித்து, 2021-இல், மேவரிக் என்ற சிறிய பிக்கப்பை 20,000 டாலருக்குச் சற்றுக் குறைந்த தொடக்க விலையில் அறிவித்தார்கள். ஆர்டர் தாங்க முடியாமல் 2022 ஜனவரியில் முன்பதிவையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆள் இருந்தார்கள், வண்டிதான் இல்லாமல் இருந்தது. பிறகு விலை ஏறி ஏறி 2025 மாடல் 26,000 டாலரைத் தாண்டிவிட்டது வேறு கதை. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மேவரிக்கின் அடித்தளம் அந்த நிறுவனத்தின் வேறு கார்களுக்கும் உரியது. அதனால்தான் அந்த விலை சாத்தியமானது. இது வாங்குபவருக்கும் பாதுகாப்பு. மாடலை நிறுத்தினாலும், அதே எஞ்சின் வேறு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதற்கான பாகம் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டியது: இந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் உங்கள் வேறு எந்த வண்டியில் இருக்கின்றன? உதாரணமாக, மாருதியின் சூப்பர் கேரியில் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அந்த நிறுவனம் கார்களுக்கு எஞ்சின் செய்வதை நாளையே விட்டுவிடப் போவதில்லை.

விற்பனையாளரின் பதிலை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நாள் காலையில் வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போங்கள். நான்கைந்து கடைகளில் அந்த மாடலின் பெயரைச் சொல்லி கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, பின்பட்டை (லீஃப் ஸ்பிரிங்), முன் விளக்கு என்று விலை கேளுங்கள். கடைக்காரர் திரும்பி அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டால் அந்த வண்டிக்கு இந்த ஊரில் உயிர் இருக்கிறது. "ஆர்டர் போட வேண்டும், இரண்டு நாள் ஆகும்" என்றால் யோசியுங்கள். இரண்டு நாள் உங்கள் வண்டி நின்றால் மடிப்பாக்கத்தில் வேறொருவர் கேன் இறக்கிவிடுவார். புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய பாகம் புழங்குகிறதா என்றும் பாருங்கள். மறுவிற்பனை விலை எப்படி இருக்கும் என்பதையும் அங்கேயே மோப்பம் பிடித்துவிடலாம்.

இனி உங்கள் ஐம்பது கேன். எனக்குக் கவலை தருவது உண்மையில் இதுதான். தண்ணீர் 20 கிலோ, கேனின் எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய 21. ஐம்பது கேன் 1,050 கிலோ. ஏற்றி இறக்கும் பையன் ஒருவர் கூட வந்தால் அவர் எடை மூன்று கேனுக்குச் சமம். 750 கிலோ வண்டியில் முறையாக ஏற்றக்கூடியது அவரோடு சேர்த்து முப்பத்திரண்டு கேன்தான். ஐம்பதையும் அதில் அடுக்கினால் வண்டி ஓடத்தான் செய்யும், சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு பின்பட்டை தொய்யும், பின்டயர் சீக்கிரம் தேயும், கிளட்ச் கருகும். மழைநாளில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடுவதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். கேன் உருண்டு விழுந்தால் பின்னால் வருகிறவர் கதி என்ன? அதிக பாரத்துக்குச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 தனி. விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல்.

கேன் நிரப்பும் இடம் பக்கத்திலேயே இருந்து, வாடிக்கையாளர்கள் எல்லாம் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் என்றால், சின்ன வண்டியில் முப்பது முப்பதாக இரண்டு நடை போவது நல்லது. குறுகலான உட்தெருவில் திருப்பவும் அதுதான் வசதி. தூரம் அதைவிட அதிகமென்றால் 1.25 டன் வகைக்கே போங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். தொழில் வளர வளர "இன்று மட்டும் ஐந்து கேன் கூட" என்று தோன்றும்; அந்த ஐந்தைத் தாங்கும் வண்டி முதலிலேயே கையில் இருக்கட்டும். திரும்பி வரும்போது காலி கேனுக்கு அதிக எடை இல்லை, ஆனால் இடம் அதேதான் என்பதால் பாடியின் நீள அகலத்தையும் அளந்து பாருங்கள்.

எரிபொருளில் ஒரு எச்சரிக்கை. பி.எஸ்.6 எனும் இப்போதைய புகை விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஐம்பது அடிக்கு ஒரு வீட்டில் நிறுத்தி அணைத்து எடுக்கும் உங்கள் வேலைக்கு அது ஒத்துவராது. அடைத்துக்கொண்டு அடிக்கடி சர்வீஸுக்கு இழுக்கும். பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. பாருங்கள். சி.என்.ஜி. சிலிண்டரின் எடை சுமைத்திறனில் கொஞ்சம் தின்னும் என்பதைக் கணக்கில் வையுங்கள். இரவில் நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு இருந்தால் மின்சார வண்டியும் இந்த மாதிரி குறிப்பிட்ட தூர ஓட்டத்துக்குப் பொருத்தமே.

சட்ட விவரங்கள் சுருக்கமாக. சுமையோடு மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. வாங்கும் முன் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டும் உரிமமே போதும் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்று முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம். 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல், சி.என்.ஜி. சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. நீங்கள் காம்போசிஷன் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும்) முறையில் இல்லாமல் வழக்கமான முறையில் பதிவு செய்திருந்தால், பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லுங்கள். வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக, நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும் முன், காலி வண்டியை ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் நிரம்பிய கேன்களை அந்த வண்டியின் அளவுக்கு ஏற்றி, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒருமுறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். மேட்டில் எந்த கியரில் ஏறுகிறது, இறக்கத்தில் பிரேக் மிதி எவ்வளவு ஆழம் போகிறது என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள். மைத்துனரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.