லேபல் ஒண்டு போட்டா பழசு எல்லாம் பறக்குது!

கேள்வி: அண்ணை, திருநெல்வேலியில ஒரு சின்னக் கொம்பனியில வேலை செய்யிறன். எங்கட சொந்தச் சேர்வரில ஓடுற ஜிராவில (வேலைகளை ரிக்கெற்றாப் பதிஞ்சு வைக்கிற மென்பொருள்), அதோட கதைக்கிற ஜாவா கிளையன்ற் லைப்ரரியால ஒரு ரிக்கெற்றுக்குப் புது லேபல் சேர்க்கப் போனா முந்தி இருந்த லேபல் எல்லாம் அழிஞ்சுபோகுது. தேடினாலும் 50 ரிக்கெற்றுக்கு மேல வருதில்லை. லைப்ரரியின்ர கோட்டை எடுத்து நானே மாத்தட்டோ?
- ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: வேண்டாம் தம்பி. இண்டைக்கு ரெண்டு வரி மாத்துவியள், பிறகு ஒவ்வொரு புது வேர்சனுக்கும் அந்த ரெண்டு வரியைக் காவிக்கொண்டு திரியவேணும்.

லேபலை அழிக்கிறது ஜிராவின்ர பிழை இல்லை. அதின்ர ரெஸ்ட் ஏபிஐக்கு (வேற புரோகிராமுகள் ஜிராவோட கதைக்கிற வழி) "ஃபீல்ட்ஸ்" எண்டு அனுப்பினா இனி இதுதான் முழு லிஸ்ட் எண்டு எடுத்துப் பழசை வீசிப்போடும், "அப்டேட்" எண்டதுக்குள்ள "ஆட்" எண்டு அனுப்பினா இருக்கிறதோட சேர்க்கும். ரிக்கெற்றை மாத்த லைப்ரரி அனுப்புற "இஷ்யூ இன்புட்" அந்த "ஃபீல்ட்ஸ்" வழியாலதான் போகும், அதாலதான் பழசு அழியுது.

அப்ப பழசை வாசிச்சு, புதுசையும் சேர்த்துத் திருப்பி எழுதினா சரிதானே எண்டு கேப்பியள். நானும் அப்பிடித்தான் செய்தனான், வாசிச்சதுக்கும் எழுதினதுக்கும் இடையில ரெஸ்ரிங் பாக்கிற பிள்ளை ஒரு லேபல் போட்டிருக்கு, என்ர புரோகிராம் அதைத் துடைச்சுப்போட்டுது, நான் வேணுமெண்டு அழிச்சனான் எண்டு பின்னேரம் மட்டும் அந்தப் பிள்ளை என்னோட கதைக்கேல்லை.

அதால லேபலுக்கு மட்டும் லைப்ரரியை விட்டிட்டு, ஜாவா 11 இல இருந்து கூடவே வாற எச்ரிரிபி கிளையன்றால அந்த "அப்டேட்", "ஆட்" வடிவத்தில நேர புட் ரிக்குவெஸ்ட் (இருக்கிறதை மாத்தச் சொல்லிற வேண்டுகோள்) அனுப்புங்கோ. பதிலா 204 எண்ட கோட் வந்தா சரி. அந்தப் பதிலின்ர உள்ளடக்கம் வெறுமையா இருக்கும், ஜேசன் (டேட்டா எழுதிற ஒரு வடிவம்) எண்டு நினைச்சுப் பிரிச்சு வாசிக்க வெளிக்கிட்டா அங்க ஒரு எரர் அடிக்கும். லேபலுக்குள்ள ஸ்பேஸ் விட்டா 400 எண்ட எரர்தான். மற்ற வேலையெல்லாம் லைப்ரரியே செய்யட்டும்.

50 எண்டது சும்மா டிஃபோல்ட். மேக்ஸ் ரிசல்ட்ஸ் (ஒருக்கா எத்தினை வேணும்), ஸ்டார்ட் அட் (எதில இருந்து தொடங்கவேணும்) ரெண்டும் குடுக்கிற சேர்ச் மெதட் ஒண்டு இருக்கு, அதை லூப்பில போடுங்கோ. ஆனா 1000 கேட்டாலும் சேர்வர் தன்ர எல்லைக்குள்ளதான் தரும், அதால நீங்கள் கேட்ட எண்ணிக்கையால இல்லை, வந்த எண்ணிக்கையால ஸ்டார்ட் அட்டைக் கூட்டவேணும், இல்லாட்டி இடையில கொஞ்ச ரிக்கெற் விடுபட்டுப்போகும்.

அழிஞ்ச லேபல்கள் எங்கயும் போகேல்லை, ரிக்கெற்றின்ர ஹிஸ்ரரி ராப்பில பழசும் புதுசும் பக்கத்தில பக்கத்தில கிடக்கும்.