ரோமில் ஆறு நாள்: வட்டிக்குப் போகும் பணத்தில் சாப்பிட்டுவிடலாம்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் ஆகப்போகின்றன. ரோம் நகரத்தை மட்டும் ஆறு நாள் நிதானமாகப் பார்க்க ஆசை. டூர் கம்பெனியில் இருவருக்கும் சேர்த்து 5.4 லட்சம் கேட்கிறார்கள்; தினமும் இரவு இந்தியச் சாப்பாடு உண்டாம். கையில் 3 லட்சம் இருக்கிறது. மீதி 2.4 லட்சத்தை 14% வட்டியில் மூன்று வருடத் தனிநபர் கடனாக வாங்கலாமா? எனக்கு அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கணவர் சைவம், பருப்புப்பொடியும் புளியோதரை மிக்ஸும் கொண்டுபோனால் செலவு மிச்சம் என்கிறார். மாதம் 20,000 சேமிக்க முடியும்.
- வாசகி, ஈரோடு

பதில்: கடன் வேண்டாம். 2.4 லட்சத்துக்கு 14% வட்டி, 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 8,200 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 55,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு யூரோவுக்கு 110 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். காலையில் ரோம்காரர்கள் செய்வதைப்போல் பாரில் (அங்கே பார் என்றால் காபிக் கடை) நின்றபடியே ஒரு கப்புச்சினோ காபியும், கொர்னெத்தோ என்ற பிறை வடிவ இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டால் ஆளுக்கு 3 யூரோ போதும். அதே காபியை மேஜையில் உட்கார்ந்து குடித்தால், அதுவும் பெரிய சதுக்கங்களில், விலை இரண்டு மூன்று மடங்காகும். மதியம் தட்டில் பரப்பி வைத்த பீட்சாவைக் கத்தரித்து எடைபோட்டு விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டித் தருவார்கள். கூட ஒரு சுப்ளி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே சோறும் சீஸும் வைத்துப் பொரித்த உருண்டை அது; கறி சேர்த்துச் செய்வதும் உண்டு என்பதால் கணவருக்குக் கேட்டு வாங்குங்கள். 8 யூரோவில் வயிறு நிறையும். இரவு நல்ல திராத்தோரியாவில் (எளிய உணவகம்) உட்கார்ந்து சாப்பிட 25 யூரோ, நடுவே ஒரு ஜெலாத்தோ ஐஸ்கிரீமுக்கு 3, சில்லறையாக 1. ஆளுக்கு 40 யூரோ. இருவருக்கு ஆறு நாளில் 480 யூரோ, அதாவது 52,800 ரூபாய்.

கடனுக்குக் கட்டவிருந்த வட்டி இதைவிட அதிகம். ஆகவே சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். ரோமுக்குப் போய் இரவு ஏழு மணிக்கு பனீர் பட்டர் மசாலா சாப்பிட எதற்காகப் பணம் கட்ட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உங்கள் கணவருக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ரோமின் பெயர்பெற்ற பாஸ்தாக்கள் நான்கு. கார்போனாரா, அமாத்ரிச்சானா, கிரீச்சா மூன்றிலும் பன்றிக் கன்னக் கறி இருக்கும். காச்சோ எ பெப்பே மட்டும் சீஸும் மிளகும். ஆனால் அதில் சேரும் பெக்கோரினோ சீஸை ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். அதையும் தவிர்ப்பவர் என்றால் மரினாரா பீட்சா கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய் மட்டும்தான், சீஸே கிடையாது. பழைய யூதர் குடியிருப்புப் பகுதியில் கூனைப்பூவை (ஆர்ட்டிச்சோக்) முழுதாக எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள். அதன் பருவம் குளிர்காலமும் வசந்தமும். பிப்ரவரி, மார்ச்சில் போனால் கிடைக்கும். பருப்புப்பொடி கொண்டுபோகட்டும், தவறில்லை. நெய்யும் பால்கோவாவும் வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது.

உணவக பில்லில் ரொட்டிக்கு என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருந்தால் பதறாதீர்கள். அது அங்கே வழக்கம், மெனுவிலும் போட்டிருப்பார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. மீன் விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று இருந்தால் மட்டும் கவனம்; அது 100 கிராமுக்கான விலை. நீங்கள்தான் எல்லாம் சாப்பிடுபவர் என்பதால் இது உங்களுக்கு. தண்ணீர் பாட்டிலுக்குச் செலவு வேண்டாம், தெருவோரம் ‘நசோனி’ எனப்படும் குடிநீர்க் குழாய்கள் சுமார் 2,500 ஓடிக்கொண்டே இருக்கின்றன, குடிக்கலாம்.

சுற்றிப் பார்க்க ஆகும் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. கொலோசியம், ரோமன் ஃபோரம், பலத்தீன் குன்று மூன்றுக்கும் சேர்த்து ஆளுக்கு 18 யூரோ, வாத்திகன் அருங்காட்சியகம் முன்பதிவோடு 25, பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் 5. போர்கேஸே கலைக்கூடத்தையும் சேர்த்தால் இருவருக்கும் 130 யூரோ ஒதுக்கலாம். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். 30 நாள் முன்பு அதிகாரபூர்வத் தளத்திலேயே எடுங்கள். இடைத்தரகர் தளங்களில் அதே டிக்கெட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், கடைசி ஞாயிறு வாத்திகன் இலவசம். நான் போகச் சொல்லமாட்டேன். அரை நாள் வரிசையில் கரைந்துவிடும். நிஜமான இலவசம் தேவாலயங்களில் இருக்கிறது. சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசியில் ஓவியர் கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள், சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கலேஞ்சலோவின் மோசே சிலை. ஓவியத்துக்கு விளக்கு எரிய நாணயம் போட வேண்டும், அவ்வளவுதான்.

இனி மொத்தம். விமானம் இருவருக்கு 1.4 லட்சம், மூன்று நட்சத்திர ஓட்டல் ஆறு இரவு 86,000, ஆளுக்கு இரவுக்கு 6 யூரோ வீதம் நகர வரி 8,000 (ஓட்டல் முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது), ஷெங்கன் (ஐரோப்பிய) விசா ஆளுக்கு 90 யூரோவும் சேவைக் கட்டணமும் சேர்த்து 24,000, காப்பீடு 3,000, ரயில், பஸ் 12,000, சாப்பாடும் காட்சிகளும் 67,000. ஆக 3.4 லட்சம். கைக்காவலுக்கு 40,000 சேர்த்தாலும் 3.8 லட்சம். உங்களுக்குக் குறைவது 80,000. நான்கு மாதச் சேமிப்பு. அந்த நான்கு மாதத்துக்கு மாதம் 20,000 தனியாக எடுத்து வையுங்கள். விமான விலை கோடையில் ஏறும், அப்போது இந்தக் கணக்கு நிற்காது. பிப்ரவரி, மார்ச் என்று நான் சொல்வதற்குக் கூனைப்பூ மட்டும் காரணமில்லை.

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று, விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கும். டிக்கெட், ஓட்டலைத் தனித்தனியாக நீங்களே எடுத்தால் பேக்கேஜ் கணக்கில் வராது. விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும்.

கடைசியாக கார்டு. சாதாரண கிரெடிட் கார்டில் 3.5% அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. என்று 4.13% போய்விடும், ஓட்டல், சாப்பாடு, பஸ் என்று அங்கே செலவழிக்கும் சுமார் 1.7 லட்சத்துக்கு 7,000 ரூபாய். இந்தக் கட்டணம் இல்லாத கார்டோ, யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோ கிளம்புமுன் வாங்குங்கள். கடையில் மெஷின் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரொக்கம் தேவைப்பட்டால் வங்கி வாசலில் உள்ள ஏ.டி.எம்.மில் எடுங்கள், சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் மெஷின்கள் பக்கம் போகவேண்டாம்.