இல்லாமற்போன நாடுகளைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?

இன்றைய வரைபடத்தில் இல்லாத நாடுகளை மகளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆசிரியன் அல்லன்; ஆனால் சென்ற ஆண்டு விடுமுறையில், தரம் 8 படிக்கும் என் தமக்கையின் மகனுக்கு இதையே சொல்லப்போய் முதலில் தோற்றேன். நாடு, தோன்றிய ஆண்டு, மறைந்த ஆண்டு என்று கொப்பியில் கோடு கீறி எழுதவைத்தேன். சோதனைக்குப் பாடமாக்குவதுபோல் இரண்டு நாள் ஒப்புவித்துவிட்டு மூன்றாம் நாள் மறந்துபோனான்.

பிறகுதான் எங்கள் ஐயாவின் தபால் முத்திரைச் சேகரிப்பு நினைவுக்கு வந்தது; அதை எடுத்து அவனிடம் கொடுத்தேன். விண்கலப் படம் அச்சிட்ட முத்திரை ஒன்றைக் கண்ணருகே பிடித்து, “சிசிசிபி எண்டும் ஒரு நாடு இருந்ததோ மாமா?” என்றான். ரஷ்ய எழுத்தில் அது எஸ்.எஸ்.எஸ்.ஆர்., அதாவது சோவியத் ஒன்றியம் என்று விளக்கி, விண்வெளி வீரர் செர்கேய் கிரிக்கலேவின் கதையைச் சொன்னேன். அவர் 1991 மே மாதம் மீர் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டு, 1992 மார்ச்சில் தரையிறங்கியபோது, அவரை அனுப்பிய ஒன்றியம் 15 நாடுகளாகப் பிரிந்திருந்தது. ஏவுதளம் இருந்த கசகஸ்தான் தனிநாடாகியிருந்தது. அவர் பிறந்த லெனின்கிராட் நகரம்கூடச் சென் பீற்றர்ஸ்பேர்க் என்ற பழைய பெயருக்குத் திரும்பியிருந்தது. “அப்ப அவர் எந்த நாட்டு ஆள்?” என்று அவன் கேட்டான். நிலமும் ஆறும் சனமும் அங்கேயேதான் இருக்கும், போவது ஆட்சியும் கொடியும் நாணயமும் கடவுச்சீட்டும்தான் என்பதை அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னபோது, நான் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மற்றவை எளிதாக வந்தன. செக்கோஸ்லோவாக்கியா 1993 தைமாதம் முதலாந் திகதி சண்டையின்றி இரண்டாகியது. கிழக்கு ஜேர்மனி 1990இல் மேற்கோடு இணைந்தது. தங்கனிக்காவும் சன்சிபாரும் 1964இல் சேர்ந்து, இரண்டு பெயர்களின் தலைப்பகுதிகளையும் ஒட்டித் தன்சானியா ஆயின. போரில் சிதறிய யூகோஸ்லாவியாவை மட்டும் சுருக்கமாகச் சொன்னேன். போர் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தொலைநாடுகளோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாலை அவனைச் சைக்கிளில் நல்லூருக்குக் கூட்டிச்சென்று, ‘ப’ வடிவான யமுனா ஏரியின் படியில் இருத்தி, 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசையும், கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட சங்கிலி மன்னனையும் பற்றிச் சொன்னேன். தான் தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியே ஒரு காலத்தில் வேறு நாடாக இருந்தது என்பது, சோவியத் ஒன்றியத்தைவிட அவனை நெடுநேரம் பேசாமல் வைத்திருந்தது.

வீடு திரும்பியதும் முத்திரைகளை இருக்கும் நாடுகள், இல்லாத நாடுகள் என இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். ‘சிலோன்’ என்று அச்சிட்ட முத்திரை வந்ததும் கை நின்றது. 1972இல் பெயரும் அரசியலமைப்பும் மாறின, தீவு அதேதான் என்றேன் நான். பிரித்தானிய அரசி தலைமையில் இருந்த நாடு குடியரசானால் அது பழைய நாடுதானா என்றான் அவன். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த முத்திரை இன்னும் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே, ஒட்டப்படாமல் கிடக்கிறது.